ஓவர்டைமுக்கு ஈடான விடுப்பு: எந்த நாளில் எடுப்பது என்பதை யார் முடிவு செய்வது? ஆஸ்திரேலியாவில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு

வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணி. கிடங்கிலிருந்து கடைசி லாரியும் கிளம்பிவிட்டது. மேலாளர் அலுவலக அறைக்குள் எட்டிப் பார்த்து, "இனி இன்று வேலை இல்லை, நீங்கள் வீட்டுக்குப் போகலாம். உங்கள் டாயில் கணக்கில் இரண்டு மணி நேரம் கழித்துக்கொள்கிறேன்" என்றார். எதிர் மேசையில் இருந்த இளைஞர் திருச்சியிலிருந்து வந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. நன்றி சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு புறப்பட்டார்.

டாயில் என்பது ஓவர்டைம் பணத்துக்குப் பதிலாகக் கிடைக்கும் விடுப்பு நேரம். சரக்குக் கணக்கெடுப்பு வாரத்தில் மூன்று நாள் மாலை ஏழு மணி வரை இருந்து அவர் சேர்த்த நேரம் அது. தீபாவளியன்று காலை சிட்னியின் மேஸ் ஹில் முருகன் கோயிலுக்குப் போக வேண்டும் என்று ஆறு மணி நேரத்தைப் பத்திரமாக வைத்திருந்தார். அதில் இரண்டு மணி நேரம், அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமலே போய்விட்டது. அந்த அலுவலகத்தில் சம்பளக் கணக்கு பார்த்துக்கொண்டிருந்தவன் நான். திங்கட்கிழமை அவரைத் தேநீர் அறைக்கு அழைத்து, "அப்படிக் கழிக்க அவருக்கு உரிமை கிடையாது, தம்பி" என்று சொன்னபோது அவர் முகத்தில் நம்பிக்கை வரவில்லை. "எங்கள் ஊரில் காம்ப் ஆஃப் என்றால் மேலாளர் சொல்கிற நாள்தானே அண்ணா?" என்றார்.

இந்தக் கட்டுரை அவர் கேட்ட அந்தக் கேள்விக்கான பதில். சென்னையிலோ பெங்களூரிலோ வேலை பார்த்துவிட்டு இங்கே வருகிறவர்கள் "காம்ப் ஆஃப்" என்ற பழக்கத்தையும் கூடவே கொண்டுவருகிறார்கள். நிறுவனம் தருகிற சலுகை அது, நிறுவனம் சொல்லும்போது எடுக்க வேண்டும், குறித்த நாளுக்குள் எடுக்காவிட்டால் காலாவதியாகிவிடும் என்பது அவர்கள் மனதில் பதிந்த விதி. ஆஸ்திரேலியாவில் இந்த மூன்றும் பெரும்பாலான ஊழியர்களுக்குப் பொருந்தாது. இங்கே அந்த நேரம் நீங்கள் உழைத்துச் சம்பாதித்த ஓவர்டைம் பணம். பணமாக வாங்காமல் நேரமாக வாங்கிக்கொள்ள நீங்கள் சம்மதித்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்ற விதிகள் எல்லாம் தாமாகவே புரியும்.

"டைம் ஆஃப் இன் லூ" என்பதைத்தான் இங்கே சுருக்கமாக "டாயில்" என்பார்கள். சில இடங்களில் "டைம் இன் லூ" என்பார்கள். இரண்டும் ஒன்றே.

முதல் படி: உங்கள் வேலை எந்த அவார்டின் கீழ் வருகிறது?

அவார்ட் என்றதும் பரிசு என்று நினைக்க வேண்டாம். ஒரு தொழிலுக்கோ பணிக்கோ குறைந்தபட்சச் சம்பளம், வேலை நேரம், ஓவர்டைம் விகிதம் ஆகியவற்றை வகுத்துச் சொல்லும் சட்டபூர்வமான ஆவணத்துக்குத்தான் இங்கே அந்தப் பெயர். ஃபேர் வொர்க் கமிஷன் என்ற தேசிய அமைப்பு இவற்றை வெளியிடுகிறது. அலுவலக எழுத்தர், வரவேற்பாளர், கணக்கு உதவியாளர் போன்றவர்களுக்கு கிளார்க்ஸ் அவார்ட் 2020. கடைகளில் வேலை செய்பவர்களுக்கு ஜெனரல் ரீட்டெய்ல் இண்டஸ்ட்ரி அவார்ட் 2020. இப்படித் தொழில்வாரியாக நூற்றுக்கும் மேல் இருக்கின்றன.

வேலை ஒப்பந்தக் கடிதத்தில் அவார்டின் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் வேலை உரிமைகளைக் கவனிக்கும் அரசு அலுவலகமான ஃபேர் வொர்க் ஆம்புட்ஸ்மன் இணையதளத்தில் உங்கள் பணியைச் சொல்லித் தேடலாம். கணினித் துறையிலும் பொறியியலிலும் இருப்பவர்கள் "எனக்கெல்லாம் அவார்ட் கிடையாது" என்று தாமாகவே முடிவுகட்டிவிடுகிறார்கள். அவர்களில் பலருக்கு புரொஃபஷனல் எம்ப்ளாயீஸ் அவார்ட் 2020 பொருந்தும். பார்க்காமல் விட வேண்டாம்.

சில நிறுவனங்களில் அவார்டுக்குப் பதிலாக ஊழியர்கள் வாக்களித்து ஏற்ற எண்டர்பிரைஸ் அக்ரிமென்ட் இருக்கும். அப்படியானால் அதில் உள்ள விதியே உங்களுக்கு. மாநில அரசு ஊழியர்களின் கதையும் வேறு: நியூ சவுத் வேல்ஸ் அரசு மருத்துவமனையில் வேலை செய்யும் செவிலியருக்கு மாநிலச் சட்டத்தின் கீழ் தனி அவார்ட் உண்டு. அவார்டோ அக்ரிமென்டோ எதுவும் பொருந்தாத உயர்பதவிக்காரர்களுக்கு ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான். அவர்கள் கையெழுத்திடும் முன்பே இதைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. இனி நான் சொல்லப்போவது தனியார் துறையில் பெரும்பாலான அவார்டுகளில் உள்ள பொதுவான டாயில் விதி. உங்கள் அவார்டைத் திறந்து "ஓவர்டைமுக்குப் பணத்துக்குப் பதில் விடுப்பு" என்ற பொருளில் தலைப்பிட்ட பிரிவை அருகில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

இரண்டாம் படி: சம்மதிக்கும் முன் கணக்குப் போடுங்கள்

டாயில் கட்டாயம் அல்ல. ஓவர்டைம் செய்தால் பணம் என்பதுதான் அடிப்படை விதி. விடுப்பாக வாங்குவதற்கு நீங்களும் முதலாளியும் எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொள்ளச் சொல்லி நெருக்கடி கொடுப்பதை அவார்டே தடை செய்கிறது. "எங்கள் நிறுவனத்தில் ஓவர்டைம் பணம் தருவதில்லை, டாயில் மட்டும்தான்" என்று யாராவது சொன்னால், சொல்பவர் எவ்வளவு இனிமையாகச் சொன்னாலும், அது அவார்டுக்கு உட்பட்ட ஊழியரிடம் சொல்லக்கூடிய வார்த்தை அல்ல.

எது லாபம் என்பதற்கு ஒரு கணக்கு. உங்கள் மணிக்கூலி 30 டாலர் என்று வைத்துக்கொள்வோம். கிளார்க்ஸ் அவார்டின் கீழ் செவ்வாய்க்கிழமை மாலை இரண்டு மணி நேரம் கூடுதலாக வேலை செய்கிறீர்கள். முதல் இரண்டு மணி நேரத்துக்கு ஒன்றரை மடங்கு. ஆக, பணமாக வாங்கினால் 90 டாலர். விடுப்பாக வாங்கினால் அந்த அவார்டில் மணிக்கு மணி: இரண்டு மணி நேர வேலைக்கு இரண்டு மணி நேர விடுப்பு. அந்த இரண்டு மணி நேரத்தின் சம்பள மதிப்பு 60 டாலர்தான். முப்பது டாலரை விட்டுக்கொடுத்து நேரத்தை வாங்குகிறீர்கள்.

ரீட்டெய்ல் அவார்டில் அப்படியில்லை. அங்கே பணம் எந்த விகிதத்தில் கிடைத்திருக்குமோ அதே விகிதத்தில் நேரமும் கிடைக்கும். ஒன்றரை மடங்கு விகிதத்தில் இரண்டு மணி நேரம் உழைத்தால் மூன்று மணி நேர விடுப்பு. ஒரே வேலை நேரம், ஒரே ஊர், அவார்ட் மாறினால் கணக்கே மாறிவிடுகிறது. அதனால்தான் முதல் படியை அவ்வளவு வற்புறுத்தினேன்.

பொங்கல் இங்கே வேலை நாள். பிள்ளையின் பள்ளி ஆண்டுவிழா வேலை நாளில்தான் வரும். அப்படிப்பட்ட நாளுக்காக முப்பது டாலரை விட்டுக்கொடுப்பது பலருக்குச் சரியாகவே படும். தெரிந்து விட்டுக்கொடுத்தால் போதும்.

மூன்றாம் படி: எழுத்தில் வாங்குங்கள்

ஒரு சம்பளக் காலத்தில் (ஒரு சம்பளத்துக்குக் கணக்கிடப்படும் வாரம், இரு வாரம் அல்லது மாதம்) செய்த ஓவர்டைமுக்கு ஒரு தனி ஒப்புதல் வேண்டும். சேர்ந்த நாளன்று "இனி எல்லா ஓவர்டைமும் டாயில்" என்று ஒரே தாளில் கையெழுத்து வாங்கி வைப்பது போதாது. எத்தனை மணி நேரம், அது என்றைக்குச் செய்யப்பட்டது, பணத்துக்குப் பதில் விடுப்பு என்று இருவரும் ஒப்புக்கொண்டது, நீங்கள் எப்போது கேட்டாலும் அதைப் பணமாகத் தர வேண்டும் என்பது, அப்படிக் கேட்டால் அடுத்த சம்பளக் காலத்திலேயே தர வேண்டும் என்பது ஆகிய விவரங்கள் ஒப்புதலில் இருக்க வேண்டும். அவார்டின் பின்னிணைப்பில் மாதிரிப் படிவம் உண்டு. அதையே பயன்படுத்த வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மின்னஞ்சல் பரிமாற்றமும் செல்லும்.

மின்னஞ்சல் ஆங்கிலத்தில்தான் போகும். அதன் சாரம் இப்படி இருந்தால் போதும்:

"மார்ச் 10, செவ்வாய் மாலை 5 மணியிலிருந்து 7 மணி வரை இரண்டு மணி நேரம் ஓவர்டைம் செய்தேன். நாம் பேசியபடி இதைப் பணத்துக்குப் பதிலாக விடுப்பாக எடுத்துக்கொள்ள ஒப்புக்கொள்கிறேன். நான் எப்போது கேட்டாலும், எடுக்காத நேரத்துக்கு அடுத்த சம்பளக் காலத்தில் ஓவர்டைம் விகிதத்தில் பணம் தரப்படும் என்பதும் இதில் அடங்கும். ஏப்ரல் 2 பிற்பகல் எடுத்துக்கொள்ள விரும்புகிறேன். உங்களுக்குச் சம்மதமா என்று பதில் எழுதுங்கள்."

"சம்மதம்" என்று ஒரு வரி பதில் வந்துவிட்டால் ஒப்புதல் முடிந்தது. அந்தப் பதிலை உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். நிறுவனமும் அதைப் பதிவாக வைத்திருக்க வேண்டும். ஊழியர் பதிவுகளை ஏழு ஆண்டுகள் காக்க வேண்டும் என்பது சட்டம்.

இதோடு ஒரு சின்ன நோட்டுப் புத்தகமும் வைத்துக்கொள்ளச் சொல்வேன். தேதி, வந்த நேரம், போன நேரம், யார் இருக்கச் சொன்னார்கள். அன்றன்றைக்கு இரண்டு வரி. நான் பார்த்த தகராறுகளில் பெரும்பாலானவை "அன்று நீங்கள் இருந்தீர்களா" என்ற ஒரே கேள்வியில்தான் முட்டி நின்றன.

நான்காம் படி: நாளைக் குறிப்பது

இதுதான் இந்தக் கட்டுரையின் மையம். விடுப்பை எப்போது எடுப்பது? விதி சொல்வது இரண்டு: ஓவர்டைம் செய்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் எடுக்க வேண்டும், அந்த ஆறு மாதத்துக்குள், ஊழியரும் முதலாளியும் ஒப்புக்கொண்ட நேரத்தில் எடுக்க வேண்டும்.

"இருவரும் ஒப்புக்கொண்ட" என்பது இரண்டு பக்கமும் வெட்டும். "நாளை வர மாட்டேன், டாயிலில் கழித்துக்கொள்ளுங்கள்" என்று இரவு பத்து மணிக்குக் குறுஞ்செய்தி அனுப்பிவிட்டு வராமல் இருக்க உங்களுக்கு உரிமை இல்லை. முதலாளி அந்த நாளை மறுக்கலாம். அதே அளவுக்கு, அவராக ஒரு நாளைக் குறித்து உங்கள் மேல் திணிக்கவும் முடியாது. வேலை குறைந்த வெள்ளிக்கிழமைப் பிற்பகலில் வீட்டுக்கு அனுப்பிவிட்டு டாயில் கணக்கில் கழிப்பது அப்படித் திணிப்பதுதான்.

திணிப்பு இன்னொரு முகத்திலும் வரும். கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு வரை பல அலுவலகங்கள் மூடியிருக்கும். அந்த நாட்களுக்கு ஆண்டு விடுப்பை எடுக்கச் சொல்ல, 28 நாள் முன்னதாக எழுத்தில் அறிவித்தால், பல அவார்டுகளில் முதலாளிக்கு வழி உண்டு. ஆனால் அந்த வழி ஆண்டு விடுப்புக்கானது. டாயில் நேரத்தை அங்கே செலவழிக்க உங்கள் ஒப்புதல் தனியாக வேண்டும். ஆண்டு விடுப்பு இன்னும் சேராத புதியவர்கள் "சரி, டாயிலாவது எடுத்துக்கொள்கிறேன்" என்று சொல்வது இயல்பு, அது அவர்கள் விருப்பம். கேட்டுவிட்டு எடுத்தால் குறையில்லை.

அந்த வெள்ளிக்கிழமை நிலை உங்களுக்கு வந்தால் என்ன சொல்வது? சண்டை வேண்டாம். "போவதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் டாயிலை நான் தீபாவளிக்கு வைத்திருக்கிறேன், அதில் கழிக்க வேண்டாம். வேலை இருந்தால் ஐந்து மணி வரை இருக்கிறேன்" என்று அமைதியாகச் சொல்லுங்கள். பிறகு அதையே இரண்டு வரியில் மின்னஞ்சலாக அனுப்புங்கள். நம் இளைஞர் திங்கட்கிழமை மாலை அப்படித்தான் எழுதினார். செவ்வாய்க்கிழமை இரண்டு மணி நேரமும் கணக்கில் திரும்பி வந்தன. மேலாளர் கெட்டவர் அல்ல. அவருக்கும் அந்த விதி தெரிந்திருக்கவில்லை. இங்கே பாதிப் பிரச்சினை இப்படித்தான் தீரும்.

நாள் கேட்கும்போது ஒன்றுக்கு மூன்றாகக் கேளுங்கள். "ஏப்ரல் 2, இல்லையென்றால் 9, இல்லையென்றால் 16." மூன்றையும் மறுக்க எவருக்கும் எளிதில் மனம் வராது. மறுத்தால், மறுத்த சுவடு எழுத்தில் இருக்கும்.

பள்ளி வயது அல்லது அதற்கும் குறைந்த வயதுப் பிள்ளை உள்ளவர்கள், முதியவரையோ நோயாளியையோ பராமரிப்பவர்கள், கர்ப்பிணிகள், மாற்றுத்திறனாளிகள், 55 வயதைக் கடந்தவர்கள் ஆகியோருக்குக் கூடுதல் பிடிமானம் ஒன்று உண்டு. பொதுவாக ஓராண்டு வேலை முடித்திருந்தால், ஃபேர் வொர்க் சட்டத்தின் 65ஆம் பிரிவின்படி, ஓவர்டைமை விடுப்பாக, தாம் குறிப்பிடும் நேரத்தில் எடுத்துக்கொள்ள எழுத்தில் கோரலாம். முதலாளி 21 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். தொழில் சார்ந்த நியாயமான காரணம் இருந்தால்தான் மறுக்க முடியும். பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்து வர வியாழக்கிழமைதோறும் சீக்கிரம் கிளம்ப வேண்டிய தாய்மார்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: நாள் கிடைக்கவில்லையா? பணமாகக் கேளுங்கள்

கேட்ட நாளெல்லாம் மறுக்கப்படுகிறது. அல்லது ஊருக்குப் போக டிக்கெட் எடுக்கப் பணம் தேவைப்படுகிறது. காரணம் எதுவாகவும் இருக்கலாம். காரணம் சொல்லவே வேண்டியதில்லை. எடுக்காமல் இருக்கும் டாயில் நேரத்துக்குப் பணம் தரும்படி எந்த நேரத்திலும் கேட்கலாம். அடுத்த சம்பளக் காலத்தில் கொடுத்தாக வேண்டும். அதுவும் சாதாரண மணிக்கூலியில் அல்ல, அந்த வேலையைச் செய்தபோது பொருந்திய ஓவர்டைம் விகிதத்தில். மேலே பார்த்த கணக்கில் 60 அல்ல, 90 டாலர்.

நீங்கள் கேட்காமலே விட்டுவிட்டாலும் நேரம் செத்துப்போவதில்லை. மார்ச் 10 அன்று செய்த ஓவர்டைம் செப்டம்பர் 10க்குள் விடுப்பாகக் கழியவில்லை என்றால், அடுத்த சம்பளக் காலத்தில் அது ஓவர்டைம் விகிதத்தில் பணமாக மாறியே ஆக வேண்டும். "மூன்று மாதத்தில் எடுக்காவிட்டால் காலாவதி" என்று நிறுவனக் கையேட்டில் அச்சடித்திருந்தாலும், அவார்டுக்கு முரணான அந்த வரி செல்லாது. நம்மவர்கள் அதிகம் இழப்பது இந்த இடத்தில்தான். கையேட்டில் இருக்கிறது என்று நம்பி, நாற்பது ஐம்பது மணி நேரத்தைக் கைவிட்டுவிட்டு வேறு வேலைக்குப் போனவர்களை எனக்குத் தெரியும். ஒவ்வொரு மாதமும் முதல் சம்பளச் சீட்டு வரும் நாளில் நோட்டை எடுத்து, ஆறு மாதத்தை நெருங்கும் தேதிகளுக்குக் கீழே கோடு போடுங்கள்.

ஆறாம் படி: கொடுக்க மறுத்தால்

முதலில் சம்பளப் பிரிவுக்கு எழுதுங்கள், மேலாளருக்கு நகலோடு. தேதி, மணி, ஒப்புதல் மின்னஞ்சல், அவார்டின் பிரிவு எண். குற்றச்சாட்டுத் தொனி வேண்டாம், விவரம் மட்டும் போதும். பதில் வராவிட்டால் ஃபேர் வொர்க் ஆம்புட்ஸ்மன் அலுவலகத்தை 13 13 94 என்ற எண்ணில் அழைக்கலாம். ஆங்கிலத்தில் பேசத் தயங்குபவர்கள் 131 450 என்ற மொழிபெயர்ப்புச் சேவையை அழைத்துத் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். அவர்களே இணைத்துத் தருவார்கள். தொழிற்சங்கத்தில் உறுப்பினராக இருந்தால் அவர்கள் உங்களுக்காகப் பேசுவார்கள்.

தராமல் விட்ட சம்பளத்தை ஆறு ஆண்டுகள் வரை பின்னோக்கிக் கோரலாம். 1,00,000 டாலர் வரையான தொகைக்கு எளிய நடைமுறை கொண்ட சிறு கோரிக்கை நீதிமன்ற வழி இருக்கிறது. உரிமையைக் கேட்டதற்காக வேலை நேரத்தைக் குறைப்பதோ வேலையை விட்டு நீக்குவதோ சட்டவிரோதம். நீக்கிவிட்டால் மட்டும் காலம் மிகக் குறைவு: 21 நாளுக்குள் ஃபேர் வொர்க் கமிஷனில் மனுச் செய்ய வேண்டும்.

விசாவை நினைத்துத்தான் பலர் வாயை மூடிக்கொள்கிறார்கள். மாணவர் விசாவோ ஸ்பான்சர் விசாவோ, இந்த உரிமைகள் எல்லோருக்கும் ஒன்றே. விசா நிலையைச் சொல்லி மிரட்டி ஒருவரை வேலை விஷயத்தில் பணியவைப்பது 2024 ஜூலை 1 முதல் தனிக் குற்றம். அந்தப் பயத்தை யாராவது உங்களுக்கு ஊட்டினால், என்ன சொன்னார், எப்போது சொன்னார் என்று அன்றைக்கே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஏழாம் படி: வேலையை விடும்போது

எடுக்காத டாயில் நேரம் முழுவதும் கடைசிச் சம்பளத்தோடு ஓவர்டைம் விகிதத்தில் வர வேண்டும். நீங்களாக விலகினாலும் அவர்களாக நீக்கினாலும் இதுதான். நோட்டீஸ் காலத்தில் டாயிலைத் தீர்த்துவிடச் சொன்னால், அதற்கும் உங்கள் ஒப்புதல் வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். ராஜினாமாக் கடிதம் கொடுப்பதற்கு முன்பே, வேலை நேரப் பதிவுச் செயலியில் இருக்கும் உங்கள் டாயில் இருப்பைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடைசி நாள் மாலை ஐந்து மணிக்கு உங்கள் கடவுச்சொல் வேலை செய்யாது. இறுதிச் சம்பளச் சீட்டு அதற்குப் பிறகுதான் வரும்.